குளிர்கால லீவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க விநோதமான இணையதளங்கள் – சொல்லுங்களேன்

மயூர்விஹார் ஃபேஸ் 1

எல்லோருக்கும் வணக்கம். டெல்லியில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஜனவரி 1 முதல் 15 வரை குளிர்கால விடுமுறை. குளிரும் புகையும் சேர்ந்து பிள்ளைகளை வெளியே விட முடியாத நாட்கள் இவை. யூடியூபும் ரீல்ஸும் தவிர, "அட, இப்படியும் ஒன்று இருக்கிறதா" என்று சொல்ல வைக்கும் தளங்கள் வேண்டும். பாடம் நடத்தும் தளம் வேண்டாம். வெறுமனே பொழுதைக் கொல்வதும் வேண்டாம்.

பார்க்கப் போகிறவர்கள்: 8 வயதுப் பையன், 13 வயதுப் பெண், ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி. 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப், ஒரு ஐபோன். பகலில் மொபைல் ஹாட்ஸ்பாட்தான், ஒரு நாளைக்கு 2 ஜிபி. பெயரை மட்டும் சொல்லாமல், திறந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

---

வடக்குக்காற்று (துவாரகா)

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி. இந்த மாதிரித் தளங்களைச் சும்மா திறந்தால் ஐந்து நிமிஷத்தில் அலுத்துவிடும். கையில் ஒரு கேள்வியோடு திறந்தால் ஒரு மத்தியானமே போய்விடும். நான் சொல்லப்போவது இரண்டு தளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை. உங்கள் 13 வயதுப் பெண்ணுக்குப் பொருந்தும்.

முதல் தளம் எர்த் டாட் நல்ஸ்கூல் டாட் நெட். உலகம் முழுக்கக் காற்று எப்படி ஓடுகிறது என்று கோடு கோடாக அசைந்து காட்டும். 2013 முதல் இருக்கிறது. விளம்பரம் கிடையாது. திறந்ததும் இடது கீழ் மூலையில் 'எர்த்' என்று எழுதியிருப்பதைத் தட்டுங்கள், மெனு விரியும். அதில் 'ஹைட்' என்ற வரிசையில் 1000, 850, 700, 500, 250 என்று எண்கள் இருக்கும். இவை உயரம் அல்ல, காற்றழுத்தம். எண் குறையக் குறைய மேலே போகிறீர்கள். 250ஐத் தட்டுங்கள். அது ஏறக்குறைய 34,000 அடி, அதாவது பயணிகள் விமானம் பறக்கும் மட்டம். குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு பாய்வது தெரியும். அதுதான் ஜெட் ஸ்ட்ரீம். டெல்லிமேல் ஒரு தட்டுத் தட்டினால் வேகம் வரும். வேகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைத் தட்டித் தட்டி 'நாட்' என்ற அலகுக்கு, அதாவது மணிக்கு இத்தனை கடல்மைல் என்ற கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது இன்னொரு டேபில் ஃபிளைட்ரேடார்24, பறக்கும் விமானங்களை வரைபடத்தில் நேரலையாகக் காட்டும் தளம். டெல்லியிலிருந்து குவாஹாட்டி போகும் விமானம் ஒன்றைத் தேடித் தட்டுங்கள். 'கிரவுண்ட் ஸ்பீடு', அதாவது தரையை வைத்துக் கணக்கிடும் வேகம், என்ன என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு குவாஹாட்டியிலிருந்து டெல்லி வரும் விமானத்தை எடுத்து அதையும் எழுதச் சொல்லுங்கள். போகும்போது காற்று முதுகில் தள்ளுகிறது, வரும்போது முகத்தில் அறைகிறது. ஜெட் வலுவாக இருக்கும் நாளில் போகும் விமானம் 500 'நாட்' வேகத்தைத் தாண்டும். வரும் விமானம் 400க்குப் பக்கத்தில் திணறும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் காற்றே இல்லாவிட்டால் விமானம் பறந்திருக்கும் வேகம் தோராயமாகக் கிடைக்கும். வித்தியாசத்தில் பாதி காற்றின் வேகம். அதை முதல் டேபில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகும்போது பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டும்.

எங்கே தப்பும் என்றால்: ஒன்று, விமானம் ஏறும்போதோ இறங்கும்போதோ எண்ணை எடுத்தால் கணக்கு உதைக்கும். உயரம் 30,000 அடிக்கு மேல் நிலையாக நிற்கிறதா என்று பார்த்துப் பாதி வழியில் எடுங்கள். இரண்டு, சென்னை விமானத்தை எடுக்காதீர்கள். அது தெற்கே போகிறது, காற்று குறுக்கே அடிக்கிறது, வித்தியாசம் சரியாகத் தெரியாது. மூன்று, டெல்லிமேல் தட்டிய காற்றை வைத்துக்கொண்டு பீகாருக்கு மேலே பறக்கும் விமானத்தோடு ஒப்பிடக் கூடாது. விமானம் எங்கே இருக்கிறதோ அங்கே தட்டுங்கள்.

பனிமூட்டம் இறங்கிய காலைகளில் இதே ஃபிளைட்ரேடாரில் டெல்லி விமான நிலையத்தைப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. தரையிறங்க அனுமதி கிடைக்காத விமானங்கள் ஓடுபாதைக்குத் தள்ளி ஒரே இடத்தில் நீள்வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சில ஜெய்ப்பூர், லக்னோ பக்கம் திரும்பிவிடும். காலையில் எழுந்திருக்கத் தவறினால் கவலை இல்லை. 'பிளேபேக்' என்று ஒன்று இருக்கிறது, கடந்த 7 நாட்கள் வரை இலவசமாகப் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

பாட்டிக்கு: நல்ஸ்கூலில் உயரத்தைத் தரைமட்டத்துக்கு மாற்றி வங்கக் கடலைப் பெரிதாக்குங்கள். வடகிழக்குப் பருவக்காற்று ஊர்ப்பக்கம் போவது தெரியும். எங்காவது காற்று சுருண்டால் அது தாழ்வு மண்டலம். மெனுவில் நேரத்தை முன்னே தள்ளும் அம்பு இருக்கிறது, அதைத் தட்டிக்கொண்டே போனால் சுருள் எந்தப் பக்கம் நகரும் என்ற கணிப்பும் தெரியும்.

---

ஜனக்புரி மாலை

மேலே சொன்ன நல்ஸ்கூலிலேயே துகள் பகுதியில் 'பிஎம் 2.5', அதாவது நுண்தூசு, போட்டால் புகை வரைபடம் வரும். ஒரு எச்சரிக்கை. அதில் வரும் எண் ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் தூசு என்பது. நாம் செய்தியில் கேட்கும் ஏகியூஐ, அதாவது காற்றுத் தரக் குறியீட்டு எண், வேறு. நம் நாட்டு அளவுகோலில் 24 மணி நேரச் சராசரி 91 முதல் 120 மைக்ரோகிராம் இருந்தால் ஏகியூஐ 201 முதல் 300க்குள் வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு "தளம் குறைத்துக் காட்டுகிறது" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். இன்னொன்று, அது கணினி கணக்கிட்டுச் சொல்லும் மதிப்பீடு, கருவி வைத்து அளந்தது அல்ல. பெரிய கட்டங்களாகப் பிரித்துச் சராசரி போடுகிறது. ஆனந்த் விஹாரில் எவ்வளவு, லோதி தோட்டத்தில் எவ்வளவு என்று அதில் பார்க்க முடியாது. அதற்கு மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் தளம்தான்.

---

சரளிவரிசை (ஆர்.கே.புரம்)

மார்கழி மாசத்தில் கேட்கிறீர்கள், பாட்டியும் இருக்கிறார். அப்படியானால் க்ரோம் மியூசிக் லேப். அதில் 'சாங் மேக்கர்' என்ற ஒன்று மட்டும் போதும். இலவசம், கணக்குத் தொடங்க வேண்டாம், டேட்டாவும் அவ்வளவாகக் குடிக்காது. கட்டம் கட்டமாக இருக்கும். கட்டத்தைத் தட்டினால் அங்கே ஒரு ஸ்வரம். கீழிருந்து மேலே போகப் போக ஸ்ருதி ஏறும், இடமிருந்து வலம் நேரம். அடியில் இரண்டு வரி தாளத்துக்கு.

சங்கீதம் படிக்கிற பிள்ளையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

'செட்டிங்ஸ்' போய் ஸ்கேலை 'பென்டடானிக்' என்று மாற்றுங்கள். கையை எங்கே வைத்தாலும் கேட்கும்படியாக இருக்கும், ஏனென்றால் அதில் இருக்கும் ஐந்து ஸ்வரங்கள் நம் மோகனத்தின் ஸரிகபத. 8 வயதுப் பையனை இதில் விட்டுவிடலாம், அபஸ்வரமே வராது. 'மேஜர்' என்று வைத்தால் சங்கராபரணம்.

சங்கீதத்தின் ஆரம்பப் பாடமான சரளி வரிசை வேண்டுமென்றால் 'குரோமேட்டிக்'. இப்போது ஒரு ஸ்தாயிக்கு, அதாவது கீழ் ஸவிலிருந்து மேல் ஸ வரும்வரை, பன்னிரண்டு வரி. அடிவரி ஷட்ஜம், அதாவது ஸ. கீழிருந்து எண்ணி 1, 2, 5, 6, 8, 9, 12, 13 ஆகிய வரிகள் மட்டும் எடுத்துக்கொண்டால் மாயாமாளவகௌளை: ஸ, ரி, க, ம, ப, த, நி, மேல் ஸ. ஸ்கேலை முதலில் மாற்றிவிட்டுப் பிறகு கட்டம் போடுங்கள், இந்த எண்கள் குரோமேட்டிக்குக்கு மட்டும்தான் பொருந்தும்.

நேரக் கணக்கு: தொடக்கத்தில் அது 4 பார், பாருக்கு 4 பீட், பீட்டுக்கு 2 கட்டம் என்று வைத்திருக்கும், ஆக மொத்தம் 32 கட்டம். அதை மாற்றவே வேண்டாம். இரண்டு பார் சேர்ந்தால் எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை; ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று. முதல் காலத்துக்கு, அதாவது மெதுவான வேகத்துக்கு, 1, 3, 5 என்று ஒற்றைப்படைக் கட்டங்களில் மட்டும் ஸ்வரம் வையுங்கள். 15வது கட்டத்தில் மேல் ஸ வந்துவிடும். 17இலிருந்து இறங்க ஆரம்பித்தால் 31இல் கீழ் ஸ. ஆரோகணமும் அவரோகணமும் 32 கட்டத்துக்குள் சிந்தாமல் அடங்கும். இரண்டாம் காலத்துக்கு ஒரு கட்டம் விடாமல் நிரப்புங்கள், பாதி இடத்தில் முடிந்துவிடும். காலம் இரட்டிப்பது என்றால் என்ன என்று வாயால் விளக்குவதைவிட இது பளிச்சென்று கண்ணுக்குத் தெரியும்.

தாளத்துக்கு, அடியில் உள்ள வரியில் 1, 9, 13 ஆகிய கட்டங்களில் புள்ளி வையுங்கள். லகுவின் (முதல் நான்கு அட்சரம்) தட்டு ஒன்று, இரண்டு திருதங்களின் (அடுத்து வரும் இரண்டிரண்டு அட்சரம்) தட்டு இரண்டு. அடுத்த ஆவர்த்தனத்துக்கு 17, 25, 29. வேகத்தை, அதாவது டெம்போவை, 60க்குக் கொண்டுவந்தால் ஒரு அட்சரம் ஒரு வினாடி. வாத்தியத்தில் மரிம்பாவைவிட 'ஸ்ட்ரிங்ஸ்' நம் காதுக்கு ஒட்டும்.

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, வராது, எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு ஸ்வரமும் குத்தவைத்த மாதிரி நிற்கும். அதனால் தோடி, ஆனந்தபைரவி எல்லாம் இதில் போட்டால் ராகமே தெரியாது. ஸ்வரஸ்தானம் மட்டும் கற்க, சும்மா விளையாட, நல்லது. முடித்ததும் 'சேவ்' கொடுத்தால் ஒரு சுட்டி தரும். அந்தச் சுட்டியைக் குறித்து வைத்துக்கொள்ளாமல் டேபை மூடினால் வேலை போச்சு.

---

புள்ளிக்கோலம்

மார்கழி என்றதும் நினைவுக்கு வந்தது: வீவ்சில்க் டாட் காம். கறுப்புத் திரையில் விரலால் இழுத்தால் பட்டு நூல் மாதிரி ஒளி ஓடும், சமச்சீராக எல்லாப் பக்கமும். சமச்சீரை 6 ஆக வைத்து, நடுவில் கண்ணாடிப் பிம்பத்தையும் போட்டுவிட்டால் நட்சத்திரக் கோலம். ஒருமுறை மெதுவாக, ஒருமுறை வேகமாக இழுத்துப் பாருங்கள், நூல் விரிவது மாறும். கம்பிக்கோலம் இதில் வராது, அதற்குப் புள்ளித்தாளும் பென்சிலும்தான்.

---

இரண்டாம்ஷிஃப்ட் (முனிர்கா)

டிசம்பர் 31க்கு ஒரு யோசனை. ரேடியோ டாட் கார்டன். பூமி உருண்டை, அதன்மேல் பச்சைப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஊரின் நேரலை வானொலி. 2016இல் நெதர்லாந்தில் தொடங்கியது. சும்மா சுற்றினாலே நன்றாகத்தான் இருக்கும், ஆனால் புத்தாண்டு அன்று நள்ளிரவைத் துரத்திக்கொண்டே போகலாம். நம் நேரப்படி அட்டவணை இது:

பிற்பகல் 3.30க்கு கிரிபாட்டியின் கிழக்குத் தீவுகள், உலகத்தில் முதல் புத்தாண்டு அங்கேதான். 4.30க்கு ஆக்லாந்து. 6.30க்கு சிட்னி. 8.30க்கு டோக்கியோ. 9.30க்கு சிங்கப்பூரும் கோலாலம்பூரும். 12 மணிக்கு நாம். மறுநாள் காலை 5.30க்கு லண்டன், 10.30க்கு நியூயார்க், டொரண்டோ. கடைசியாக மாலை 4.30க்கு அமெரிக்க சமோவா. அது ஆக்லாந்துக்குச் சரியாக ஒரு நாள் பின்னால். இரண்டும் பசிபிக்கில்தான் இருக்கின்றன, நடுவே தேதிக்கோடு. பையன் ஏன் என்று கேட்பான், உருண்டையைச் சுற்றிக் காட்டிவிடலாம்.

கவனிக்க: இணைய வானொலி நேரத்துக்குச் சற்றுப் பின்தங்கியே வரும், சில நிலையங்களில் அரை நிமிஷம்கூட ஆகும். அதனால் நம் கடிகாரத்தில் 6.30 ஆனதும் சிட்னி சத்தம் போடவில்லையே என்று வேறு நிலையத்துக்குத் தாவிவிடாதீர்கள், ஒரு நிமிஷம் பொறுங்கள். முழுக்க முழுக்கப் பதிவுப் பாட்டு மட்டும் ஓடும் நிலையத்தில் கவுண்ட்டவுனே இருக்காது. பேச்சு கேட்கிற நிலையமாக முன்கூட்டியே பார்த்து இதயக் குறியைத் தட்டிச் சேமித்து வையுங்கள். புள்ளியைத் தட்டியும் சத்தமே வரவில்லை என்றால் அந்த நிலையத்தின் ஓடை நின்றிருக்கும், பக்கத்துப் புள்ளிக்குப் போங்கள்.

டேட்டா கவலை வேண்டாம். 128 கேபிபிஎஸ் நிலையம் ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பிதான். பாட்டிக்கு சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, யாழ்ப்பாணம், டொரண்டோ புள்ளிகளில் தமிழ் தேடிக் கொடுங்கள். ஒவ்வொரு ஊர்த் தமிழும் ஒவ்வொரு ருசி.

இதே குடும்பத்தில் விண்டோ ஸ்வாப் என்று ஒன்று. உலகத்தில் யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிவதை 10 நிமிஷ வீடியோவாகக் காட்டும். பொத்தானைத் தட்டினால் அடுத்த ஜன்னல். அருமையான தளம், ஆனால் ஹாட்ஸ்பாட்டில் வேண்டாம், வைஃபை வந்த பிறகு திறங்கள்.

---

கட்டளைக்கோடு

13 வயதுக்கு நீல் டாட் ஃபன். அதில் நிறைய இருக்கிறது. மூன்று மட்டும் சொல்கிறேன்.

'தி டீப் சீ': கீழே உருட்டிக்கொண்டே போனால் கடல் ஆழம். டைட்டானிக் 3,800 மீட்டரில் கிடக்கும், மரியானா அகழி அடிக்கு 10,900 மீட்டருக்கு மேல் உருட்ட வேண்டும். நடுவில் நெடுந்தூரம் ஒன்றுமே வராது, அங்கேதான் அலுத்து மூடிவிடுவார்கள். அந்த வெறுமைதான் விஷயம், உருட்டச் சொல்லுங்கள்.

'இன்ஃபினிட் கிராஃப்ட்': தண்ணீர், நெருப்பு, காற்று, மண் நான்கோடு ஆரம்பம். ஐம்பூதத்தில் ஆகாயம் மட்டும் இல்லை. ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டால் புதுப்பொருள்: தண்ணீரும் நெருப்பும் நீராவி, மண்ணும் தண்ணீரும் செடி, மண்ணும் காற்றும் தூசு. ஆகாயத்தை எத்தனை படியில் உண்டாக்க முடிகிறது என்று பந்தயம் வையுங்கள். சேர்த்ததெல்லாம் அந்த பிரவுசரிலேயே சேமிப்பாகும். இன்காக்னிட்டோவில் ஆடினாலோ, ஹிஸ்டரியோடு தளத் தரவையும் அழித்தாலோ எல்லாம் போய்விடும்.

'தி பாஸ்வேர்டு கேம்': 35 விதிகளுக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஐந்தாவது விதி இலக்கங்களின் கூட்டுத்தொகை 25 ஆக வேண்டும் என்பது. எல்லோரும் அப்போதே 9, 9, 7 என்று போட்டு முடித்துவிடுவார்கள். பத்தாவது விதியில் ஒரு கேப்சாவை (மனிதர்தானா என்று சோதிக்கக் காட்டும் எழுத்துக் கூட்டத்தை) அப்படியே சேர்க்கச் சொல்லும், அதில் இலக்கம் இருந்தால் கூட்டுத்தொகை எகிறும். கேப்சா பக்கத்தில் இருக்கும் புதுப்பிக்கும் குறியைத் தட்டித் தட்டி, இலக்கம் குறைவான ஒன்று வரும்வரை மாற்றுங்கள். பின்னால் வரும் விதிகளும் இலக்கம் கொண்டுவரும், அதனால் 25ஐச் சின்னச் சின்ன இலக்கமாகப் பிரித்து ஒரே இடத்தில் வைத்தால் எடுப்பது சுலபம். பதினேழாவது விதியில் ஒரு முட்டை வரும். அதற்கப்புறம் மொத்தத்தையும் அழித்து மறுபடி எழுதும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும், முட்டை போனால் ஆட்டம் முடிந்தது. இருபதாவதில் பாஸ்வேர்டு தீப்பிடிக்கும். தீக்குறிகளை உடனே பின்விசையால் அழிக்காவிட்டால் அது முட்டைவரை பரவும்.

இன்னொரு தளம், நிலவு ஒரு பிக்ஸல் அளவு இருந்தால் சூரியக் குடும்பம் எவ்வளவு பெரியது என்று காட்டுவது, 2014இல் வந்தது. வலப்பக்கம் உருட்ட வேண்டும். அந்த அளவில் பூமி நான்கு பிக்ஸல்கூட இல்லை, சூரியனிலிருந்து பூமிக்கு ஏறத்தாழ 43,000 பிக்ஸல். மூலையில் ஒளிவேகப் பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கிவிட்டுக் காத்திருந்தால் பூமி வர 8 நிமிஷம் 20 வினாடி ஆகும். ஸ்டாப்வாட்ச்சைப் பையன் கையில் கொடுங்கள்.

---

ஜனக்புரி மாலை

8 வயதுக்கு கிறிஸ்துமஸ் சமயத்தில் நோராட் சாண்டா தளம். அமெரிக்கா, கனடா இரண்டின் வான்பாதுகாப்பு அமைப்பு நடத்துவது. 1955இல் ஒரு கடை விளம்பரத்தில் தொலைபேசி எண் தப்பாக அச்சாகி, குழந்தைகளின் அழைப்பு ராணுவ அலுவலகத்துக்குப் போனதாகச் சொல்லப்படுவதிலிருந்து வந்த வழக்கம். டிசம்பர் மாதம் முழுக்க விளையாட்டுகள் இருக்கும். 24ஆம் தேதி நம் நேரம் பிற்பகல் 2.30 வாக்கில் வரைபடம் ஆரம்பிக்கும். இதே பெயரைப் போல வேறு பெயரில் நிறையப் போலித் தளங்கள், சாண்டாவின் கடிதம் அனுப்புகிறோம் என்று கார்டு விவரம் கேட்கும். உண்மையான தளம் காசு கேட்காது, முகவரி டாட் ஆர்க் என்று முடியும். எந்தத் தளமாக இருந்தாலும் 'நோட்டிஃபிகேஷன் அனுமதிக்கவா' என்று கேட்டால் 'பிளாக்' கொடுக்கப் பையனைப் பழக்கிவிடுங்கள்.

---

பழையபுத்தகம் (கரோல்பாக்)

பாட்டிக்கு மதுரைத் திட்டம். 1998 பொங்கல் அன்று தொடங்கியது, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்த பழந்தமிழ் நூல்கள். மார்கழிப் பாசுரங்கள் முப்பதும் அங்கே இருக்கின்றன, நாளுக்கு ஒன்றாகப் பெரிய எழுத்தில் வைத்துக் கொடுங்கள். பழைய கோப்புகள் சில டிஸ்கி என்ற பழைய எழுத்துக் குறிமுறையில் இருக்கும், திறந்தால் கிறுக்கல் மாதிரி வரும். கோப்பு கெட்டுப்போகவில்லை, அதே நூலின் யுனிகோடு பதிப்பையோ பிடிஎஃப்பையோ எடுங்கள். எழுத்தைப் பெரிதாக்க கன்ட்ரோல் விசையும் கூட்டல் குறியும் சேர்த்து அமுக்கினால் போதும்.

---

மயூர்விஹார் ஃபேஸ் 1

எல்லோருக்கும் மிக்க நன்றி. குவாஹாட்டிக் கணக்கை இன்றே ஆரம்பித்துவிட்டாள். இரண்டு சிக்கல்: லேப்டாப்பில் ரேடியோ கார்டன் திறந்தால் உருண்டையே இல்லை, கறுப்பாக இருக்கிறது. ஐபோனில் சாங் மேக்கர் கட்டம் ஓடுகிறது, சத்தம் இல்லை.

---

இரண்டாம்ஷிஃப்ட் (முனிர்கா)

முதலாவது: உருண்டையை வரைவது கிராஃபிக்ஸ் சிப்பின் வேலை. பழைய லேப்டாப்பில் யாராவது அதை அணைத்து வைத்திருப்பார்கள். க்ரோமில் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன் என்று இருப்பதை ஆன் செய்து 'ரீலாஞ்ச்' கொடுங்கள். அது ஏற்கெனவே ஆனில் இருந்தால் டிஸ்பிளே டிரைவர் பழசு, அதைப் புதுப்பியுங்கள். 4 ஜிபிக்கு நல்ஸ்கூல், ஃபிளைட்ரேடார், ரேடியோ கார்டன் மூன்றையும் சேர்த்துத் திறக்காதீர்கள், மூன்றும் கனம். வானொலி மட்டும் கேட்க வேண்டுமென்றால் உருண்டையே தேவையில்லை, தேடலில் ஊர்ப் பெயரை அடித்தால் நிலையங்கள் பட்டியலாக வரும்.

---

சரளிவரிசை (ஆர்.கே.புரம்)

இரண்டாவது: ஐபோன் சைலண்ட்டில் இருக்கிறது. பக்கவாட்டில் இருக்கும் அந்தச் சின்ன சுவிட்ச் யூடியூபைத் தடுக்காது, ஆனால் இந்த மாதிரித் தளம் தானே உண்டாக்கும் ஒலியைத் தடுத்துவிடும். அதனால்தான் மற்றதெல்லாம் கேட்கிறது, இது மட்டும் கேட்கவில்லை. சைலண்ட்டை எடுத்துவிட்டுப் பக்கத்தை ஒருமுறை ரீலோடு செய்து, திரையைத் தொட்டுவிட்டு பிளே அமுக்குங்கள். தொடாமல் எந்த பிரவுசரும் தானாகச் சத்தம் எழுப்ப விடாது. போனில் 32 கட்டமும் ஒரே பார்வையில் அடங்காவிட்டால் குறுக்காகத் திருப்பிக்கொள்ளுங்கள்.